பற்றுப் புத்தகமும் சம்பள நாளும்: மலாக்காவில் நம்மவர் சிறுவணிகம்

நம் சங்கத்தின் பொன்விழா மலருக்கு, மலாக்கா மாநிலத்தில் நம்மவர் செய்த வணிகத்தைப் பற்றி எழுதித் தரவேண்டும் என்று மலர்க் குழுவினர் கேட்டுக்கொண்டார்கள். இப்படிப்பட்ட கட்டுரைகள் சுல்தான்கள் காலத்தில் தொடங்குவது வழக்கம். நானும் அங்கே ஒரு முறை தலைகாட்டிவிட்டு வந்துவிடுகிறேன். ஆனால் என் மனம் அரசவையில் இல்லை. ஜாசின் வட்டாரத்தில் இருந்த ஒரு மளிகைக் கடையின் கல்லாப்பெட்டிக்குப் பக்கத்தில் இருக்கிறது.

மலாக்கா துறைமுகத்தில் வெளிநாட்டு வணிகர்களைக் கவனிக்க நான்கு ஷாபந்தர்கள் இருந்தார்கள் என்று, 1512க்கும் 1515க்கும் இடையில் இங்கே தங்கியிருந்த போர்த்துகீசியரான தோமே பிரேஸ் எழுதி வைத்திருக்கிறார். அவர்களில் ஒருவர் குஜராத்தியருக்கு மட்டும். இன்னொருவர் சோழமண்டலக் கரையிலிருந்தும் வங்காளம், பெகு, பாசாய் ஆகிய இடங்களிலிருந்தும் வந்தவர்களுக்கு. நம்மவர் இந்த இரண்டாமவரின் பொறுப்பில் இருந்தார்கள். கெலிங் நாட்டிலிருந்து வந்த மணி புரிந்தான் என்பவரின் வழித்தோன்றல்கள் அரச குடும்பத்தோடு மணவுறவு கொண்டு உயர்ந்ததைச் 'செஜாரா மெலாயு' சொல்கிறது. அந்த வழியில் வந்த பெண்டஹாரா துன் முத்தாஹிர் 1510இல் சுல்தானின் ஆணையால் கொல்லப்பட்டார். மறு ஆண்டே நகரம் போர்த்துகீசியர் கைக்குப் போனது. துக்காங் எமாஸ் சாலையில் இருக்கும் கம்போங் கிளிங் பள்ளிவாசல் டச்சுக்காரர் காலத்தில், 1748இல், மரத்தால் கட்டப்பட்டு 1872இல் செங்கல் கட்டடமாக மாறியது. அதைக் கட்டியவர்கள் நம் கரையிலிருந்து வந்த வணிகர்கள்.

இது பெருமைக்குரிய வரலாறுதான். ஆனால் மரக்கலம் வைத்திருந்தவர்களின் வரலாறு. 1786இல் பினாங்கும் 1819இல் சிங்கப்பூரும் ஆங்கிலேயர் துறைமுகங்களான பிறகு கப்பல்கள் அந்தப் பக்கம் திரும்பிவிட்டன. மலாக்கா அரைத் தூக்கத்தில் கிடந்தது. நம்மவரின் சிறு கடைகளை இந்த மாநிலத்தின் உட்பகுதிகளில் வேரூன்ற வைத்தது கப்பல் அல்ல, ரப்பர் மரம். புக்கிட் லிந்தாங்கில் 1896இல் தான் சாய் யான் வணிக நோக்கில் ரப்பர் பயிரிட்டதுதான் மலாயாவில் முதல் முயற்சி என்பார்கள். அதன் பின் புக்கிட் அசஹானில் ஆயிரக்கணக்கான ஏக்கரில் அவர் தோட்டம் போட்டார். அடுத்த சில ஆண்டுகளில் ஜாசின், மெர்லிமாவ், செலண்டார், அலோர் காஜா, பூலாவ் செபாங் என்று எந்தப் பக்கம் திரும்பினாலும் கித்தாக் காடு. காடு இருந்த இடமெல்லாம் லயம். லயம் இருந்த இடமெல்லாம் தமிழ்ச் சனம். அந்தச் சனத்துக்கு அரிசி வேண்டும், பருப்பு வேண்டும், கருவாடும் மசாலாவும் மண்ணெண்ணெயும் வெற்றிலை பாக்கும் வேண்டும்.

தம்பின் வழியாக வந்தவர்கள்

என் அத்தா 1937இல் பதினான்கு வயதுப் பையனாக நாகப்பட்டினத்தில் 'ரஜூலா' கப்பல் ஏறினார். இராமநாதபுரம் கடற்கரைப் பக்கம் எங்கள் ஊர். கங்காணியோ தோட்ட நிர்வாகமோ அவரை அழைத்து வரவில்லை. தாய்மாமன் அழைத்து வந்தார். தோட்டத்துக்கு வந்த தொழிலாளிக்கும் கடைக்கு வந்த பையனுக்கும் இருந்த முதல் வேறுபாடு இது. பினாங்கில் இறங்கி, ரயிலில் தம்பின் வந்து, அங்கே வண்டி மாறி மலாக்கா போகும் கிளைப்பாதையில் ஏறினார்களாம். 1905இல் போட்ட அந்தத் தண்டவாளத்தை இன்று தேடினாலும் கிடைக்காது. ஜப்பான்காரன் பெயர்த்துக்கொண்டு போய்விட்டான்.

கடைக்கு வந்த பையனுக்குச் சாப்பாடும் படுக்கையும் கடையிலேயே. சம்பளம் கையில் தரமாட்டார்கள். முதலாளியின் பேரேட்டில் அவன் பெயருக்கு வரவு வைப்பார்கள். மூன்று நான்கு வருடம் கழித்து ஊருக்குப் போகும்போது கணக்குப் பார்த்துத் தருவார்கள். சுறுசுறுப்பானவன் என்றால், அந்தத் தொகையை எடுக்காமல் கடையிலேயே விட்டு, ஒரு சிறு பங்கு கேட்பான். வேலையாள் பங்காளி ஆவது இப்படித்தான். வங்கி இல்லை, அடமானம் இல்லை. ஒருவன் உழைப்பு, இன்னொருவன் முதல். இலாபத்தை முன்பே பேசிய விகிதத்தில் பிரித்துக்கொள்வது. இதை முழாரபா என்று மார்க்கச் சட்ட நூல்கள் சொல்லும். எங்கள் கடையில் யாரும் அந்தச் சொல்லைச் சொல்லிக் கேட்டதில்லை. 'பங்கு' என்றுதான் சொல்வார்கள்.

நல்ல ஏற்பாடுதான். ஆனால் பையன்களின் பக்கமிருந்தும் பார்க்க வேண்டும். பேரேட்டில் என்ன எழுதியிருக்கிறது என்று கேட்கும் துணிச்சல் எத்தனை பையன்களுக்கு இருந்தது? மாமன் கடையில் மருமகன் கணக்குக் கேட்பது மரியாதைக் குறைவு. ஊரில் போய்ப் பேசிக்கொள்ளலாம் என்று பேச்சு முடிந்துவிடும். ஊரில் போய்ப் பேசியதில் உடைந்த குடும்பங்களும் உண்டு.

கடன்தான் சரக்கு

மளிகைக் கடை எதை விற்றது என்று கேட்டால் அரிசி பருப்பு என்று சொல்வோம். உண்மையில் கடை விற்றது கடனை. தோட்டத்துச் சம்பளம் மாதத்துக்கு ஒரு முறை. நடுவில் கொஞ்சம் முன்பணம் தருவார்கள். வீட்டில் அடுப்போ தினமும் எரிய வேண்டும். மழை பெய்தால் மரம் வெட்ட முடியாது. வெட்டு இல்லாத நாளுக்குக் கூலி இல்லை. பிப்ரவரி, மார்ச்சில் இலை உதிரும் காலத்தில் பால் குறைந்துவிடும். ஆக, கையில் காசு வருவது ஒழுங்கில்லை, வயிற்றுக்குச் செலவு ஒழுங்கு. இந்த இரண்டுக்கும் நடுவில் இருந்த பள்ளத்தில்தான் எங்கள் கடை நின்றது.

கடையின் மூலதனம் என்பது அலமாரியில் இருந்த சரக்கு அல்ல, பற்றுப் புத்தகம். நீளவாக்கில் தைத்த கனத்த ஏடு. முதல் பக்கத்தின் தலையில் 786. அதன் கீழே லயம், வீட்டு எண், ஆள் பெயர், தேதி, சாமான், தொகை. குடும்பத் தலைவர் பெயரில் கணக்கு இருந்தாலும் சாமான் வாங்க வருவது பெண்கள். கணக்கை நினைவில் வைத்திருப்பதும் அவர்களே. எழுத்து தெரியாத அம்மாக்கள் சம்பள நாளன்று, "பாய், பதினேழாம் தேதி எண்ணெய் வாங்கலையே நானு" என்று சொல்லி அத்தாவை நிறுத்திவிடுவதைப் பார்த்திருக்கிறேன். ஏட்டைப் புரட்டினால் பெரும்பாலும் அவர்கள் சொன்னதுதான் சரியாக இருக்கும்.

சம்பள நாள் என்பது தோட்டத்துக்குத் திருவிழா, கடைக்காரருக்குப் பரீட்சை. ஆபீசு வாசலில் துணிக்காரர், ரொட்டிக்காரர், வட்டிக்காரரின் ஆள், பொற்கொல்லர், சீட்டுப் பிடிப்பவர் என்று எல்லோரும் நிற்பார்கள். கையில் வாங்கிய கூலியில் யாருக்கு முதலில் தருவது என்பதுதான் அன்றைய கேள்வி. தகராறு செய்து வாங்குகிறவர்கள் இருந்தார்கள். அத்தா வாசலில் நிற்கமாட்டார். கடையிலேயே உட்கார்ந்திருப்பார். "தேடிப் போய் வாங்கினா அடுத்த மாசம் வேற கடைக்குப் போவாங்க. வந்து குடுத்தா எப்பவும் வருவாங்க" என்பார். இது தாராளம் மட்டுமல்ல, வியாபாரக் கணக்கும்கூட. இதில் மறைக்க எதுவும் இல்லை.

அந்தக் கணக்கைக் கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன். இன்றைய இளைஞர்களுக்குத் தெரிய வேண்டும். நூறு வீடுகள், வீட்டுக்கு மாதம் 30 வெள்ளி பற்று என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 3,000 வெள்ளி வெளியே நிற்கும். நூற்றுக்கு எட்டு வெள்ளி இலாபம் என்றால் 240 வெள்ளி. நூறில் ஐந்து வீடு தராமல் போனால் 150 வெள்ளி போய்விடும். மிச்சம் 90. அதில் வாடகை, விளக்கு, மூன்று பேர் சாப்பாடு. இதற்கிடையில் பட்டணத்து மொத்த வியாபாரி, சீனராக இருந்தாலும் நம்மவராக இருந்தாலும், முப்பதாம் நாள் பணத்துக்கு ஆள் அனுப்பிவிடுவார். தோட்டத்து மனிதர் கடைக்காரரிடம் கடன். கடைக்காரர் மொத்த வியாபாரியிடம் கடன். ரப்பர் விலை லண்டனில் விழுந்தால் சங்கிலி முழுவதும் ஆடும். 1930களின் மந்தத்தில் ஆயிரக்கணக்கான தோட்டத் தொழிலாளர்களை இந்தியாவுக்குத் திருப்பி அனுப்பினார்கள். அவர்களோடு சேர்ந்து கப்பலேறிய பற்றுகளை யாரும் கணக்கிட்டு வைக்கவில்லை.

ஐந்து வீட்டுக் கடனை எப்படி ஈடுகட்டினார்கள்? இங்கேதான் நாம் நேர்மையாகப் பேச வேண்டும். ரொக்கத்துக்கு ஒரு விலை, பற்றுக்கு ஒரு விலை. எங்கள் கடையில் பற்றுக்கு எடுத்தால் கட்டி அரிசிக்கு இரண்டு காசு கூடுதல். வட்டி வாங்குவது ஹராம் என்பதில் நம்மவர் உறுதியாக இருந்தார்கள்; வட்டிக்கடை பக்கம் போகவில்லை. தவணை விற்பனைக்குக் கூடுதல் விலை வைப்பது, விலையை முன்பே சொல்லி இரு தரப்பும் ஒப்புக்கொண்டால் ஆகுமானது என்பது பெரும்பாலான மார்க்க அறிஞர்களின் கருத்து. தவணை தப்பியபின் தொகையை ஏற்றுவதுதான் வட்டி. சட்டம் தெளிவாக இருக்கிறது. ஆனால் முன்பே சொன்னார்களா? லயத்து வீட்டம்மாவுக்கு இரண்டு விலை இருப்பது தெரியும். எவ்வளவு வித்தியாசம் என்பது எல்லாச் சாமானுக்கும் தெரியாது. ரொக்கம் கொடுத்து வாங்க வழியே இல்லாதவருக்கு, ஒப்புக்கொள்வது என்றால் என்ன பொருள்?

ஒரு முறை, நான் படிவம் மூன்று படிக்கும்போது, இதை அத்தாவிடம் கேட்டுவிட்டேன். அடிப்பார் என்று நினைத்தேன். அடிக்கவில்லை. "அந்த ரெண்டு காசு இல்லைன்னா மழைக்காலத்துல நான் யாருக்கும் அரிசி தர முடியாது" என்றார். அதுவும் உண்மைதான். கடனை எழுதி வைக்கச் சொல்லும் திருமறை வசனமும் (2:282), கடன்பட்டவர் சிரமத்தில் இருந்தால் அவகாசம் தரச் சொல்லும் வசனமும் (2:280) அருகருகே இருக்கின்றன. முதல் வசனத்தை நம் பெரியவர்கள் எழுத்துக்கு எழுத்துப் பின்பற்றினார்கள். இரண்டாவதை ஆளுக்கு ஆள் வேறு மாதிரி. சாமான் நிறுத்தப்பட்ட வீடுகளும் உண்டு. அந்த வீட்டுப் பிள்ளைகள் பள்ளியில் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்கள். அதனால் எனக்குத் தெரியும்.

'சயாம்' என்று எழுதிய பக்கங்கள்

ஜப்பானியர் காலத்தில் அத்தாவின் மாமா நடத்திய கடையில் அரிசி இல்லை. மரவள்ளிக்கிழங்கும் உப்பும்தான் விற்பனை. 1943இல் தோட்டங்களிலிருந்து ஆட்களைச் சயாம் ரயில் பாதை போடக் கொண்டுபோனார்கள். எங்களிடம் இருக்கும் மிகப் பழைய பற்றுப் புத்தகம் 1941, 42ஆம் ஆண்டுகளுடையது. அதில் பல பக்கங்களில் கடைசி வரவு செலவுக்குக் கீழே, வேறு மையில், 'சயாம்' என்று ஒரே ஒரு சொல் இருக்கிறது. தொகையை அடிக்கவும் இல்லை, வசூல் என்று எழுதவும் இல்லை. போர் முடிந்தபின் அந்தப் பக்கங்களில் இரண்டு மூன்றில் மட்டும் புதிய தேதி தொடர்கிறது. அவர்கள் திரும்பி வந்தவர்களாக இருக்க வேண்டும்.

ஜப்பான் நோட்டு செல்லாது என்று 1945இல் ஆனபோது பெட்டி நிறைய வாழைமரப் படம் போட்ட தாள் இருந்ததாம். மாமா அதை எரிக்க விடவில்லை. சாமான் பொட்டலம் கட்டப் பயன்படுத்தினார். பணம் போனது. ஆனால் பட்டணத்து மொத்த வியாபாரி அவரைத் தெரியும் என்பதற்காக இரண்டு மூட்டை அரிசியைக் கடனாகத் தந்தார். கடை அதில்தான் மறுபடி திறந்தது.

1948இல் அவசரகாலம். கடைக்காரருக்கு இரு பக்கமும் இடி. காட்டில் இருப்பவர்கள் இரவில் சாமான் கேட்பார்கள். கொடுத்தால் பகலில் போலீசு கேட்கும். அரிசி அளவாகத்தான் விற்கலாம். யாருக்கு எவ்வளவு விற்றோம் என்று எழுதி வைக்க வேண்டும். டின்னில் அடைத்த உணவை விற்கும்போதே ஓட்டை போட்டுத் தர வேண்டும், காட்டுக்குள் போய்ச் சேர்ந்துவிடாதபடி. மரம் வெட்டப் போகிறவர்கள் சோற்றுப் பொட்டலம் கூடக் கொண்டுபோக முடியாது. அத்தா சொல்வார், டின் பாலில் ஓட்டை போடும்போது குழந்தைக்காரியின் முகத்தைப் பார்க்க முடியாது என்று. இந்த நாட்டிலேயே முதன்முதலாக இந்தக் கட்டுப்பாடுகள் நீங்கிய இடமும் மலாக்காதான். 1953 செப்டம்பர் 3ஆம் நாள் இதன் கடலோரப் பகுதி 'வெள்ளைப் பகுதி' என்று அறிவிக்கப்பட்டது. அதற்கு முன் கொரியப் போர் காரணமாக 1950, 51இல் ரப்பர் விலை எகிறியிருந்தது. தோட்டத்தில் கையில் காசு புழங்கிய நல்ல காலம் அது. சைக்கிளில் மூட்டை கட்டிக்கொண்டு லயத்துக்குப் போன கடைக்காரர்கள் சிலர் வேன் வாங்கினார்கள்.

நீலமும் சிவப்பும்

நம் கடைகள் ஏன் குறைந்தன என்று கேட்பவர்களிடம் சூப்பர்மார்க்கெட்டைக் காட்டுவது இப்போது வழக்கமாகிவிட்டது. அதற்கு வெகு முன்பே பாதிக் கடைகள் மூடிவிட்டன. காரணம் அடையாள அட்டை.

நம்மவரில் பலர் குடும்பத்தை ஊரில் விட்டுவிட்டு, இரண்டு மூன்று வருடத்துக்கு ஒரு முறை போய்வந்தவர்கள். ஒரு பங்காளி ஊருக்குப் போனால் மற்றவர் கடையைப் பார்ப்பார். இந்தச் சுழற்சி நன்றாக ஓடியது. 1953 ஆகஸ்டில் குடிநுழைவுச் சட்டம் இறுகியது. அதற்கு முந்திய மாதங்களில் மனைவி மக்களை அவசரமாகக் கப்பலேற்றி அழைத்து வந்தவர்கள் உண்டு. என் அம்மா அப்படி வந்தவர்தான். அடுத்த வருடம் நான் ஜாசினில் பிறந்தேன். 1957இல் நாடு விடுதலை பெற்றபோது அத்தா குடியுரிமைக்கு மனுப்போட்டு நீல அட்டை வாங்கினார். கடையில் அவரோடு இருந்த இரண்டு பங்காளிகள், "எப்படியும் ஊருக்குத்தானே போகப்போறோம்" என்று சிவப்பு அட்டையோடு இருந்துவிட்டார்கள். 1969க்குப் பிறகு, குடிமக்கள் அல்லாதவர் வேலை செய்ய அனுமதிச் சீட்டு வேண்டும் என்ற சட்டம் அமலுக்கு வந்தது. நாடு முழுவதும் ஏறத்தாழ 60,000 இந்தியர்கள் புறப்பட்டார்கள். தோட்டத்தில் வாடிக்கையாளரும் போனார், கடையில் பங்காளியும் போனார்.

அந்த இருவரின் பங்கைப் பிரித்துக் கொடுக்க வேண்டும். ஆனால் பங்கு பணமாக இல்லை, பற்றாக இருந்தது. அத்தா நான்கு ஆண்டுகளில் சிறிது சிறிதாகக் கொடுத்து முடித்தார். அதற்குள் கடை பாதியாகச் சுருங்கியது. இங்கே குடும்பம் வைத்தவர்கள் கடை பிழைத்தது, போய்வந்து கொண்டிருந்தவர்கள் கடை மறைந்தது. ஐம்பது ஆண்டுகளுக்கு முன் நம் சங்கம் தொடங்கிய நாள்களில், குடியுரிமை மனு எழுதித் தருவதும் அனுமதிச் சீட்டு பாரம் நிரப்புவதும் பெரிய சேவையாக இருந்ததன் காரணம் இப்போது இளைஞர்களுக்கு விளங்கும்.

அடுத்து தோட்டமே கரையத் தொடங்கியது. பெரிய தோட்டங்கள் துண்டு துண்டாக விற்கப்பட்டன. ரப்பரை வெட்டிவிட்டுச் செம்பனை நட்டார்கள். செம்பனைக்கு அத்தனை கை தேவையில்லை. பிள்ளைகள் பத்து பெரெண்டாம், தஞ்சோங் கெலிங் தொழிற்பேட்டைகளுக்குத் தொழிற்சாலை பஸ்ஸில் ஏறினார்கள். லயம் காலியானது. பற்றுப் புத்தகத்தில் பக்கங்கள் காலியாயின.

ஏடு இல்லாத கடை

மளிகை போன இடத்தில் சாப்பாட்டுக் கடை வந்தது. மலாய்க்காரர் அதை 'மாமாக் கடை' என்றார்கள். நம் 'மாமா'தான் அங்கே போய் 'மாமாக்' ஆனார். சிலருக்கு அந்தச் சொல் பிடிக்காது. எனக்கு வருத்தமில்லை, அதைவிட மோசமான பெயர்களால் அழைக்கப்பட்டிருக்கிறோம்.

சாப்பாட்டுக் கடைக்கு ஏன் மாறினார்கள்? சமைக்கத் தெரியும், ஹலால் என்ற நம்பிக்கை இருந்தது, அதெல்லாம் சரி. முக்கியக் காரணம், அது ரொக்க வியாபாரம். ரொட்டி சானாயும் தே தாரிக்கும் சாப்பிட்டவர் எழுந்து போகும்போது காசு வந்துவிடுகிறது. மூன்று தலைமுறை கடனில் வெந்தவர்களுக்கு இது பெரிய நிம்மதி. ஏடு வேண்டாம். அப்படியும் கல்லாவுக்குப் பக்கத்தில் ஒரு சின்னக் குறிப்புப் புத்தகம் இருக்கத்தான் செய்தது. அட்டையில் 555 போட்ட புத்தகம். 'தீகா லீமா' என்று மலாய்க்காரரும் சீனரும் நாமும் ஒரே பெயரில் அழைத்த கடன் புத்தகம். உள்ளே 786, வெளியே 555.

பட்டணத்துக்குள் இருந்த துணிக்கடைகளுக்கும் மசாலாக் கடைகளுக்கும் வேறு வகைச் சோதனை. போருக்கு முந்திய கட்டடங்களுக்கு இருந்த வாடகைக் கட்டுப்பாடு 1997ஆம் ஆண்டுச் சட்டத்தால் நீக்கப்பட்டு, 2000ஆம் ஆண்டு பிறந்தபோது முழுமையாக ஓய்ந்தது. பழைய வாடகையில் தாத்தா காலத்திலிருந்து இருந்தவர்கள் சந்தை வாடகை கேட்டபோது தள்ளாடிப்போனார்கள். 2008 ஜூலையில் யுனெஸ்கோ மலாக்காவை உலகப் பாரம்பரிய நகரமாக அறிவித்தது. பள்ளிவாசலும் கோயிலும் சீன ஆலயமும் ஒரே தெருவில் இருப்பதைப் படம் பிடிக்கச் சுற்றுலாப் பயணிகள் வந்தார்கள். கட்டடம் காக்கப்பட்டது, நல்ல காரியம். கட்டடத்துக்குள் இருந்த தொழிலைக் காக்க எந்தப் பட்டியலும் இல்லை. மிளகாய்த்தூள் வாசம் வந்த அஞ்சடியில் இப்போது நினைவுப் பொருள் விற்கிறார்கள்.

இப்போது கடை திறப்பவருக்கு

என் மருமகன் ஒருவன் ஆயர் குரோவில் சாப்பாட்டுக் கடை போட்டபோது நானும் கூடவே அலைந்தேன். அத்தா கடை திறந்த கதைக்கும் இதற்கும் உள்ள தூரத்தை அப்போதுதான் உணர்ந்தேன்.

தொழில் தொடங்கி 30 நாளுக்குள் பதிய வேண்டும். 1956ஆம் ஆண்டு வணிகப் பதிவுச் சட்டம் இன்றும் அதுதான் சொல்கிறது. தன் சொந்தப் பெயரில் என்றால் ஆண்டுக்கு 30 வெள்ளி, வணிகப் பெயர் வைத்தால் 60. இது எளிது, அரை நாளில் முடிந்தது. அதன் பின் ஊராட்சி மன்ற உரிமம். இந்த மாநிலத்தில் மன்றங்கள் நான்கு: மலாக்கா மாநகர், ஹங் துவா ஜெயா, அலோர் காஜா, ஜாசின். எந்தத் தெரு யாருடையது என்று கேட்டுவிட்டு இடம் பிடிப்பது நல்லது. பெயர்ப்பலகைக்குத் தனி அனுமதி. மலாய் முதன்மையாக இருக்க வேண்டும், தமிழ் அதைவிடச் சிறியதாக இருக்கலாம். சமையலாள்கள் எல்லோரும் டைபாய்டு ஊசி போட்டு, உணவு கையாளும் பயிற்சிக்குப் போய்ச் சான்றிதழ் வாங்க வேண்டும். ஹலால் சான்றிதழுக்குத் தனி மனு. 'முதலாளி முஸ்லிம்தானே, அது எதற்கு' என்று கேட்கிற பெரியவர்கள் நம்மில் இன்னும் இருக்கிறார்கள். காலம் மாறிவிட்டது, சரக்கு எங்கிருந்து வருகிறது என்பதற்கும் தாள் வேண்டும்.

இவை எல்லாம் முயன்றால் முடிகிற காரியங்கள். முடியாதது ஆள். ஊரிலிருந்து மாமன் மருமகனைக் கூட்டி வந்த காலம் போய்விட்டது. வெளிநாட்டு ஊழியர் ஒருவருக்குச் சேவைத் துறையில் ஆண்டு வரி 1,850 வெள்ளி. அதற்கு மேல் முகவர் செலவு, மருத்துவச் சோதனை, தங்குமிடம். ஒதுக்கீடு எப்போது திறக்கும், எப்போது மூடும் என்பது மழையைப் போல. துணிக்கடை, நகைக்கடை, முடிதிருத்தகம் ஆகிய மூன்று தொழில்களுக்கு 2009இல் நிறுத்திய ஆளெடுப்பு 2023இல்தான் 7,500 பேர் என்ற அளவோடு மறுபடி அனுமதிக்கப்பட்டது. அந்தப் பதினான்கு வருடத்தில் மூடிய துணிக்கடைகளை யார் திறப்பது? உள்ளூர் இளைஞர்களை வேலைக்கு வைக்கலாமே என்று கேட்பார்கள். 2025 பிப்ரவரியிலிருந்து குறைந்தபட்சச் சம்பளம் 1,700 வெள்ளி, ஐந்து பேருக்குக் குறைவாக வைத்திருப்பவர்களுக்கு ஆகஸ்டிலிருந்து. அந்தச் சம்பளத்தை நான் குறை சொல்லமாட்டேன். பேரேட்டில் மட்டும் சம்பளம் பார்த்த பையன்களை நினைத்தால் சொல்ல வாய் வராது. ஆனால் அதைக் கொடுத்தாலும் அதிகாலை நான்கு மணிக்கு மாவு பிசைய நம் பிள்ளைகள் வருவதில்லை. நம் பிள்ளைகளே வராதபோது பிறர் பிள்ளைகளைச் சொல்வானேன்? என் மகன்கள் இருவரில் ஒருவர் பொறியாளர், ஒருவர் கணக்காளர். அவர்களைப் படிக்க வைத்தது அந்தக் கடைதான்.

2020 மார்ச்சில் நடமாட்டக் கட்டுப்பாடு வந்தபோது மருமகன் கடை மூன்று மாதம் ஏறத்தாழ மூடியே கிடந்தது. வங்கியில் கேட்டான், மூன்று ஆண்டுக் கணக்கு கேட்டார்கள், கடைக்கு வயது ஒன்றரை. கடைசியில் சங்கத்துப் பெரியவர்கள் நால்வர் சேர்ந்து ஒரு தொகையைக் கர்ழே ஹஸனாவாக, வட்டியில்லா அழகிய கடனாகக் கொடுத்தார்கள். எழுதி வாங்கிக்கொண்டார்கள், தவணை வைக்கவில்லை. இரண்டு ஆண்டில் அவன் கட்டி முடித்தான். அந்தச் செய்தியைக் கேட்டபோது, போருக்குப் பின் மாமாவுக்குக் கிடைத்த இரண்டு மூட்டை அரிசிதான் எனக்கு நினைவுக்கு வந்தது. இதை நால்வரின் தனிப்பட்ட உதவியாக விடாமல், சங்கமே ஒரு நிதியாக வைத்து, நகை அடகும் கந்துவட்டியும் தேடிப் போகும் சிறு கடைக்காரர்களுக்குத் தரலாம் என்று பொதுக்கூட்டத்தில் நான் இரு முறை பேசியிருக்கிறேன். 'வசூலாகாது' என்ற பதிலே வந்தது. நூறு வீட்டில் ஐந்து வீடு வசூலாகாதுதான். அந்தக் கணக்கைப் போட்டுக்கொண்டுதான் நம் பெரியவர்கள் கடை நடத்தினார்கள்.

அத்தா 1988இல் கடையை மூடினார். கடைசி மாதம் பற்று நின்ற வீடுகள் பதினொன்று. என்னைக் கூப்பிட்டு ஏட்டில் அந்தப் பதினொரு பக்கங்களையும் குறுக்கே கோடு போடச் சொன்னார். "நீ போடு, எனக்குக் கை வராது" என்றார்.

மலர் வெளியானபின் சங்க அலுவலகத்தில் ஒரு கண்ணாடி அலமாரி வைக்கப்போவதாகச் செயலாளர் சொன்னார். மலாக்கா மாநிலத்துப் பழைய கடைகளின் பற்றுப் புத்தகங்கள், பேரேடுகள், உரிமத் தாள்கள், கப்பல் பயணச்சீட்டுகள் யாரிடமாவது இருந்தால் கொடுத்து உதவுங்கள். கரையான் தின்றிருந்தாலும் பரவாயில்லை. எங்கள் 1941ஆம் ஆண்டு ஏட்டை முதலில் நான் ஒப்படைக்கிறேன். கடன்பட்டவர்களின் பெயர்கள் தெரியாதபடி தாள் ஒட்டித்தான் தருவேன். 'சயாம்' என்று எழுதிய பக்கங்களை மட்டும் அப்படியே திறந்து வைக்கச் சொல்லியிருக்கிறேன்.